ஒரு பாலிசி போய்வந்த தூரம்

அக்கா வீட்டு பீரோவில், ரேஷன் கார்டும் தறிக்கூடத்து இ.பி. கார்டும் இருக்கிற அதே பிளாஸ்டிக் கவருக்குள், முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தது. மேல் பக்கத்து ஓரத்தில் அக்காவின் மஞ்சள் விரல் பட்ட கறை. அத்தானின் மெடிக்கல் பாலிசி அது. அக்கா அதை "ஆஸ்பத்திரிப் பத்திரம்" என்பாள். வீட்டுப் பத்திரத்துக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்கும் கொடுத்து வைத்திருக்கிறாள்.

நாலு வருடமாக அந்தப் பத்திரத்தின் பின்னாலேயே நானும் போய் வந்திருக்கிறேன். அது எங்கே பிறந்தது, வழியில் யார் யார் கைபட்டது, மதுரை ஆஸ்பத்திரிக் கவுன்டரில் போய் நின்றபோது அதற்குள் என்ன எழுதியிருந்தது என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். எங்கள் தெருவில் மட்டும் பத்து வீட்டில் இப்படிப் போனில் வாங்கிய பாலிசி இருக்கிறது. எதை வாங்கினோம் என்று தெரிந்தவர்கள் அதில் ஒன்றிரண்டு பேர்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அத்தானுக்குச் சத்திரப்பட்டியில் எட்டு விசைத்தறி. ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர்தான். அங்கேயும் சமுசிகாபுரத்திலும் நெய்வது பேண்டேஜ் துணி. கண்ணுக்குக் கண் இடைவெளி விட்டு, ஊதினால் காற்றுப் போகிற மாதிரி நெய்து, வெளுத்து, வெட்டி, சுருட்டி அனுப்புவார்கள். நாடு முழுக்க எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் காயத்தின் மேல் உட்காருவது இந்த ஊர்த் துணி. நெய்கிறவருக்கு ஆஸ்பத்திரிச் செலவென்று வந்தால் யார் கொடுப்பது? அதுதான் கேள்வி.

ராஜபாளையத்தில் 1936-லேயே பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் வைத்துவிட்டார். மில் வேலை, இ.எஸ்.ஐ. கார்டு என்றுதான் பாதி ஊர் வளர்ந்தது. ஆனால் இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் தொழிலாளிக்கு. அத்தான் சின்ன முதலாளி, அவருக்குக் கிடையாது. அரசுத் திட்டம் இன்னொன்று இருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, இன்று குடும்பத்துக்கு 5 லட்சம் வரை தருகிறது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய திட்டம். அதற்கு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிறகு 1,20,000 ஆக உயர்த்தினார்கள். அத்தான் அதற்கும் கொஞ்சம் மேலே. மேலேயும் சேராமல் கீழேயும் சேராமல் நடுவில் நிற்கிற இந்தக் கூட்டம்தான், அதாவது தறிக்காரர், பலசரக்குக் கடைக்காரர், தனியார் பள்ளி வாத்தியார், ஆட்டோ சொந்தமாக வைத்திருப்பவர் எல்லாம்தான், இணையத்தில் தனியாளாகப் போய்ப் பாலிசி வாங்குகிறவர்கள்.

2021 ஆயுத பூஜை அன்று அத்தானின் பாலிசி பிறந்தது. கொரோனா இரண்டாம் அலை அடங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தெருவில் இரண்டு குடும்பம் ஆஸ்பத்திரி பில்லுக்காக நகையை வைத்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். அக்கா மகள், எனக்கு மருமகள், சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். தறிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, சுண்டலும் பொரியும் படைத்து, வருடத்தில் தறிக்கூடம் சத்தமில்லாமல் கிடக்கிற அந்த ஒரு நாள் சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்து போனில் ஒரு காப்பீட்டுத் தளத்தைத் திறந்தாள்.

முதலில் தளம் கேட்டது சுருக்கமானது. யார் யாருக்கு, வயது என்ன, எந்த ஊர் பின்கோடு, போன் நம்பர். பின்கோடு எதற்கு என்று நான் கேட்டேன். பல நிறுவனங்கள் ஊரை மண்டலமாகப் பிரித்து விலை வைக்கின்றன. டெல்லி, மும்பை ஆஸ்பத்திரிச் செலவு வேறு, நம்ம ஊர்ச் செலவு வேறு. எங்கள் பின்கோடை அடித்ததும் விலை கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. போன் நம்பரைக் கொடுத்த நொடியில் திரையில் வரிசையாகப் பாலிசிகள் இறங்கின. அடுத்த நிமிடமே அழைப்பும் வரத் தொடங்கிவிட்டது.

அந்த வரிசை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாளானது. தளத்திடம் சொந்தமாக ஒரு பாலிசியும் கிடையாது. நாம் கொடுத்த வயதையும் பின்கோடையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுவனத்தின் விலைப்பட்டியலிலும் போய்க் கேட்டு, பதிலை ஒரே திரையில் அடுக்கித் தருகிறது. குர்கானில் 2008-ல் பாலிசிபஜார் தொடங்கியபோது இப்படி ஒப்பிட்டுக் காட்டுவதுதான் அதன் வேலை. இந்த மாதிரித் தளங்களுக்கு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 'வெப் அக்ரிகேட்டர்' என்று தனி உரிமம் கொடுத்து, 2013-லும் 2017-லும் விதிகள் போட்டது. எந்தப் பாலிசிக்கும் மதிப்பெண் கொடுக்கவோ, 'அதிகம் விற்பது' என்று தூக்கிக் காட்டவோ கூடாது என்பது அந்த 2017 விதிகளில் ஒன்று. 2021-ல் பாலிசிபஜார் புரோக்கர் உரிமத்துக்கு மாறிக்கொண்டது. சட்டப்படி ஏஜென்ட் என்பவர் நிறுவனத்தின் ஆள். புரோக்கர் வாங்குகிறவரின் ஆள். ஆனால் இருவருக்கும் கமிஷன் வருவது நிறுவனத்திடமிருந்துதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை, யார் சொன்னாலும் அப்படியே கையெழுத்துப் போடவும் வேண்டியதில்லை.

தளத்தில் வாங்கினால் மலிவு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாலிசியின் விலையை நிறுவனம் ஆணையத்திடம் பதிவு செய்துதான் விற்கிறது. அதே பாலிசியைத் தெரு முனை ஏஜென்டிடம் வாங்கினாலும் தளத்தில் வாங்கினாலும் பெரும்பாலும் அதே தொகைதான். தளத்தின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. இருபது பாலிசியை ஒரே திண்ணையில் பரப்பிப் பார்க்கலாம். நம்ம ஊரில் ஒரு ஏஜென்டின் பையில் இரண்டு இருந்தால் அதிகம்.

ஆனால் பரப்பிப் பார்க்கும்போது கண் போகிற இடம் விலைதான். மாதம் இவ்வளவு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அத்தான் மூன்றாவதாக இருந்ததைக் காட்டி, "இத எடுத்துரு, இதான் கம்மி" என்றார். மருமகள் அதைத் திறந்து உள்ளே படித்தாள். அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் வரைதான் என்று இருந்தது. ஐந்து லட்சத்துக்கு ஒரு சதவீதம் ஐயாயிரம். அறை எட்டாயிரம் என்றால் மிச்சம் மூவாயிரத்தை நாம் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி முடியாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் நிறுவனம் கொடுக்கும். அந்த வகையில் 80,000 ரூபாய் பில் வந்தால் 50,000 வரும், 30,000 நம் கையிலிருந்து போகும். மாதத்தில் இருநூறு ரூபாய் குறைவாகத் தெரிந்ததற்கு உள்ளே இருந்த காரணம் அது. அறை வாடகைக்கு வரம்பில்லாத ஒன்றைத் தேடி எடுத்தாள். ஐந்து லட்சம், புருஷன் பொண்டாட்டி இருவருக்கும் சேர்த்து.

அதற்குப் பிறகு வந்ததுதான் புரபோசல் படிவம். விலையைப் பார்க்க ஒரு மணி நேரம் செலவழித்த குடும்பம், இதற்கு ஐந்து நிமிடம் கொடுக்கத் தயாராக இருந்தது.

உயரம், எடை, புகை உண்டா, இதற்கு முன்னால் ஆபரேஷன் ஆனதுண்டா என்று கேட்டுக்கொண்டே போய், ஒரு கேள்வியில் மருமகள் நின்றாள்.

"அப்பா, சுகர் எத்தன வருஷமா?"

"அதெல்லாம் போடாத தாயி. எழுதினா பிரீமியத்தக் கூட்டிருவான்."

"கேக்குறாங்கப்பா."

"மாத்திர ஒன்னுதான. அது ஒரு சுகரா?"

அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது. அழைத்தவர் நல்ல தமிழில், மரியாதையாகத்தான் பேசினார். படிவத்தைத் தானே நிரப்பித் தருவதாகச் சொன்னார். சுகர் விஷயத்தைச் சொன்னதும், "மாத்திரையில கன்ட்ரோலா இருந்தா இல்லைன்னே போட்டுக்கலாம் மேடம், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார். ஓ.டி.பி. வரும், அதை மட்டும் சொன்னால் போதும் என்றார். மருமகள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஓ.டி.பி. என்பது கையெழுத்து. எல்.ஐ.சி. ஏஜென்ட் வீட்டுக்கு வந்து பத்திரத்தை நீட்டி விரலால் இடம் காட்டின காலத்தில், குறைந்தது எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அந்தத் தாள் கண்முன்னால் இருந்தது. இப்போது ஆறு இலக்கத்தைப் போனில் சொல்கிறோம். நாம் பார்க்காத படிவத்தில், நாம் சொல்லாத பதிலுக்குக் கீழே அது போய் உட்கார்ந்துகொள்கிறது.

அவள் அப்பாவின் மாத்திரை டப்பாவையும் பழைய டாக்டர் சீட்டையும் எடுத்து வந்து, தேதி பார்த்து, 'ஆம், 2016 முதல், மாத்திரை' என்று எழுதினாள். அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபம்தான். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கும் அத்தான் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

இந்தக் கேள்வியே இல்லாத சந்தையும் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 2013 அக்டோபரில் அரசே தொடங்கிய காப்பீட்டுத் தளத்தில் வயது, ஊர், புகை, குடும்பம், வருமானம் என்று கேட்பார்கள். சுகர் உண்டா என்று கேட்க மாட்டார்கள். முன்பே இருக்கும் நோயைக் காட்டி மறுக்கவோ விலை ஏற்றவோ 2014 முதல் அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. அங்கே வேறு சிக்கல்கள் இருக்கட்டும். நம் நாட்டில் தனியாளாக வாங்கும் பாலிசி இன்னும் பழைய வழியில்தான் நிற்கிறது. 1986-ல் நான்கு அரசு நிறுவனங்கள் 'மெடிகிளெய்ம்' என்று கொண்டுவந்ததிலிருந்து, 2000-க்குப் பிறகு தனியார் வந்து, 2006-ல் சென்னையில் ஸ்டார் ஹெல்த் என்று மருத்துவக் காப்பீட்டுக்கே தனி நிறுவனம் வந்து, பிறகு தளங்கள் வந்து, எல்லாம் மாறியும் அடித்தளம் மாறவில்லை. வாங்குகிறவர் தன் உடம்பைப் பற்றித் தெரிந்ததைச் சொல்ல வேண்டும், அதை நம்பி நிறுவனம் விலை போடும். அப்படியானால் திரையில் பார்த்த விலை ஒரு மதிப்பீடுதான். பாலிசி உண்மையில் உருவாவது இந்தப் படிவத்தில்.

உருவாக இரண்டு வாரம் எடுத்தது. ராஜபாளையத்திலிருந்து லேப் பையன் பைக்கில் வந்து, தறிக்கூட வாசலிலேயே ரத்தம் எடுத்துப் போனான். எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரிச் சுகர் டெஸ்ட். பிறகு நிறுவனத்து டாக்டர் ஒருவர் போனில் பத்து நிமிடம் கேள்வி கேட்டார். முதலில் 21,400 என்று காட்டிய பிரீமியம், சுகருக்காக இருபது சதவீதம் ஏறி 25,680 ஆனது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 30,302. சம்மதமா என்று கேட்டு மெயில் வந்தது. "உண்மை பேசினதுக்கு அஞ்சாயிரம் ரூவா தெண்டம்" என்று சொல்லிக்கொண்டேதான் அத்தான் பணம் கட்டச் சொன்னார்.

அக்டோபர் 28-ம் தேதி பி.டி.எஃப். வந்தது. பிரின்ட் எடுத்து வந்ததும் நான் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பத்திரத்தில் நாம் படிக்க வேண்டியது மூன்றே இடம் என்று இப்போது சொல்வேன். ஒன்று, நாம் கொடுத்த பதில்களின் நகல். அதில் சுகர், 2016, மாத்திரை என்று இருந்ததா என்று பார்த்தேன், இருந்தது. இரண்டு, காத்திருப்புக் காலம். எந்த நிறுவனத்தின் பாலிசியானாலும் இவை ஒரே குறியீட்டு எண்ணில் இருக்கும்: எக்ஸ்சிஎல் 01 ஏற்கெனவே இருக்கும் நோய், 02 குறிப்பிட்ட சில நோய்கள், 03 முதல் முப்பது நாள். விபத்து தவிர முதல் மாதம் எதற்கும் வராது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று, கல் அடைப்பு மாதிரியானவற்றுக்கு இரண்டு வருடம். அத்தானின் சுகர் சம்பந்தப்பட்டவற்றுக்கு மூன்று வருடம். மூன்றாவது, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் நாள் கணக்கு. அப்போது 15 நாள். 2024 முதல் 30 நாள். கடையில் சேலை மாற்றுவதற்குக்கூட இவ்வளவு அவகாசம் தர மாட்டார்கள், ஆனால் அந்த நாட்களில் பத்திரத்தைத் திறந்து படிக்கிறவர் யார்?

அப்புறம் அது பீரோவுக்குப் போய்விட்டது. 2022 போனது, 2023 போனது. ரெனியூவலுக்கு மெசேஜ் வரும், மருமகள் கட்டுவாள், அத்தான் முனகுவார். ஒரு தடவை நூல் விலை ஏறிப் பணம் முடங்கி, தேதி தாண்டிப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கட்டினோம். முப்பது நாள் சலுகைக் காலம் இருந்ததால் கழிந்த இரண்டு வருடமும் கையைவிட்டுப் போகவில்லை. போயிருந்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

2024 ஜூனில் ஒரு ராத்திரி அத்தானுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. வாயுவென்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்து விடிய வைத்தார். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேன் எடுத்தோம். பித்தப்பையில் கல், வீக்கம். ஆபரேஷன்தான் என்றார்கள். பாலிசி நிறுவனத்தின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியாகப் பார்த்து மதுரைக்குப் போனோம். திருமங்கலம் தாண்டுகிற வரைக்கும் அக்கா அந்தக் கவரை மடியிலேயே வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் 'இன்சூரன்ஸ் டெஸ்க்' என்று தனி மேசை. அங்கே உட்கார்ந்திருந்த பெண் பாலிசி நம்பரை மட்டும் கேட்டார். முப்பத்தெட்டுப் பக்கத்தையும் அக்கா நீட்டியபோது, "இதெல்லாம் வேணாம்மா, சிஸ்டத்துலயே இருக்கு" என்றார். அக்காவுக்கு வருத்தம். அந்த மேசையிலிருந்து கேஷ்லெஸ் அனுமதிக்கான படிவம் நிறுவனத்துக்குப் போகும். அதில் ஒரு பக்கம் டாக்டர் நிரப்புவது. என்ன நோய், எப்போது முதல், வேறு என்ன நோய் இருக்கிறது, எத்தனை வருடமாக. வார்டில் இளம் டாக்டர் ஒருவர் படுக்கைப் பக்கம் நின்று அத்தானிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"சுகர் எத்தன வருஷமா இருக்கு ஐயா?"

"எட்டு வருஷம்."

ஆஸ்பத்திரியில் யாரும் பொய் சொல்வதில்லை. வலியில் கிடக்கிறவர் டாக்டரிடம் மறைக்க மாட்டார், மறைக்கவும் கூடாது. மயக்க மருந்து கொடுக்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். இளம் டாக்டர் கேஸ் ஷீட்டில் எட்டு வருடம் என்று எழுதிக்கொண்டார். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. திண்ணையில் கேட்ட கேள்வியும் கட்டிலில் கேட்ட கேள்வியும் ஒன்றே. இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்கோ ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். மதியம் நிறுவனத்திலிருந்து ஒரு விளக்கம் கேட்டு வந்தது: நோயாளிக்கு நீரிழிவு எப்போது முதல், முதல் சிகிச்சைச் சீட்டு இருக்கிறதா? டெஸ்க் பெண் என்னைக் கூப்பிட்டு, "புரபோசல்ல போட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டபோது அவர் முகத்தில் ஒரு பதற்றம் இருந்தது. இந்த இடத்தில் எத்தனை குடும்பம் விழுந்ததைப் பார்த்திருப்பாரோ. 2016 என்று போட்டிருக்கிறோம் என்றேன். பத்திரத்தின் அந்தப் பக்கத்தை அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். ஸ்கேன் செய்து அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. கல் அடைப்புக்கான இரண்டு வருடம் எட்டு மாதம் முன்னாலேயே முடிந்திருந்தது. சுகருக்கு மூன்று வருடம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தாலும், பித்தப்பைக் கல் அந்தக் கணக்கில் வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்குப் போகலாம் என்றவர்கள், நிறுவனத்தின் கடைசி ஒப்புதல் வராமல் சாயங்காலம் ஐந்து வரை உட்கார வைத்தார்கள். அதே வருடம் மே 29-ம் தேதிதான் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு பெரிய சுற்றறிக்கை போட்டிருந்தது. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல், அதற்கு மேல் தாமதித்து ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அது நிறுவனத்தின் தலையில். ஏற்பாடு செய்துகொள்ள ஜூலை 31 வரை அவகாசம். நாங்கள் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டோம். இப்போது யார் வீட்டில் கேட்டாலும் இந்த மூன்று மணி நேரத்தைச் சொல்லி அனுப்புகிறேன்.

பில்லில் ஒரு சங்கதி நடந்தது. மொத்தம் 1,12,000 சொச்சத்தில் கொஞ்சத்தைக் கழித்துவிட்டு நிறுவனம் கட்டியிருந்தது. கழித்ததை நாங்கள் கட்ட வேண்டும். என்னென்ன என்று அத்தான் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். தண்ணீர் பாட்டில், டயபர். சரி. அடுத்த வரியில் கேஜ், காட்டன் பேண்டேஜ், 640 ரூபாய்.

"மாப்ள, இது நம்ம துணில்ல."

மருமகள் சென்னையிலிருந்து போனிலேயே பத்திரத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்க்கச் சொன்னாள். பாலிசிப் பத்திரங்களின் வாலில் நான்கு பட்டியல் இருக்கும். முதலாவது, பொதுவாகப் பணம் வராத 68 பொருள். இரண்டாவது, அறை வாடகைக்குள் அடங்க வேண்டியவை. சீப்பு, தொப்பி, செருப்பு எல்லாம் அதில். மூன்றாவது, ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை. அந்த மூன்றாவது பட்டியலில் இருக்கிறது: கேஜ், காட்டன், காட்டன் பேண்டேஜ், சர்ஜிகல் டேப். தனியாகப் பில் போட வேண்டிய பொருளே இல்லை. முப்பது வருடம் நெய்த துணியின் பெயரைத் தன் பாலிசியில் அத்தான் அன்றுதான் படித்தார். பில் கவுன்டரில் போய்ச் சண்டை போடவில்லை. அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, "தம்பி, இது ஆபரேஷன் சார்ஜுக்குள்ள வருது போல, பாருங்க" என்றார். கவுன்டரில் இருந்தவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து அந்த வரியை எடுத்துவிட்டார்.

இதே பாதையில் இன்னொரு பாலிசி வேறு மாதிரிப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். 2022-ல் அம்மாவுக்குப் போன் வழியாகவே எடுத்தார். அழைத்தவர் படிவத்தை நிரப்பினார், இவர் அடுப்பில் பாலைக் கிண்டிக்கொண்டே ஓ.டி.பி.யைச் சொன்னார். அம்மாவுக்குப் பத்து வருடமாக பிரஷர் மாத்திரை. மூன்றாம் வருடம் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அதுவும் கேஸ் ஷீட்டில் ஏறியது. படிவத்தில் 'இல்லை' என்று இருந்தது. உண்மையை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை நிராகரித்து, பாலிசியையும் ரத்து செய்துவிட்டார்கள். அவர் கண்ணால் பார்க்காத கேள்வி அது. மறைத்தவர் என்ற சொல் அவரை எப்படிக் குத்தியிருக்கிறது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஐந்து வருடம் தொடர்ந்து கட்டியிருந்தால் கதை வேறு. அறுபது மாதம் ஆன பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லாமல் விட்டதைக் காட்டி நிராகரிக்க முடியாது. முன்பு எட்டு வருடமாக இருந்ததை 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். இவருக்கு மூன்றாம் வருடம்தான் நடந்துகொண்டிருந்தது.

அவருக்கு முன்னால் இருந்த வழிகளை இருவரும் சேர்ந்து விசாரித்தோம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றாலோ, முப்பது நாளில் பதிலே வரவில்லை என்றாலோ ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். நமக்கு அந்த அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை உத்தரவு போடலாம், நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இன்னொரு வழி நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கு அது இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே. 2019-ம் ஆண்டு சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் எந்த நகரத்தில் இருந்தாலும் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு நகரத்திலிருந்து போனில் விற்ற பாலிசி, ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிகிற ஊரில் வந்து நிற்கிறது. இது எனக்கு நிறைவாக இருந்தது.

அவர் ஆணையத்தில் போட்டிருக்கிறார். விற்ற அன்று நடந்த பேச்சின் ஒலிப்பதிவைத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிரஷர் பற்றி யார் என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது அதில் இருக்கும். உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஒரு தீர்ப்பில், வாங்குகிறவர் சொன்ன நோயையும் எடுத்த டெஸ்டையும் பார்த்துவிட்டுப் பாலிசி கொடுத்த நிறுவனம், பிறகு அதையே காரணம் காட்டி மறுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாரடைப்பு வந்த ஓர் இந்தியரின் வழக்கு அது. சுகர் இருப்பதைப் படிவத்தில் எழுதியிருந்தார். பால்கோவாக் கடைக்காரருக்கு அந்தத் தீர்ப்பை வாசித்துக் காட்டினேன். எழுதியிருந்தார் என்ற இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கு வாய்தாவில் போய்க்கொண்டிருக்கிறது.

தளங்களின் காலமும் மாறி வருகிறது. எல்லா நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் ஒரே பொதுச் சந்தையாக 'பீமா சுகம்' வர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மார்ச்சில் விதி போட்டது. 2025 செப்டம்பரில் ஐதராபாத்தில் அதன் இணையதளத்தைத் திறந்தார்கள். வாங்குவதும் விற்பதும் படிப்படியாக வரும் என்றார்கள். தனி மனிதர் பாலிசிக்கான ஜி.எஸ்.டி. அதே செப்டம்பர் 22 முதல் போய்விட்டது. இவையெல்லாம் நல்லவை. ஆனால் பீமா சுகத்திலும் அந்தக் கேள்வி வரும், ஓ.டி.பி. வரும்.

போன ஆயுத பூஜைக்கு, 2025 அக்டோபர் 1-ம் தேதி, மருமகள் மறுபடி லீவுக்கு வந்திருந்தாள். தறிகள் சந்தனத்தோடு சும்மா நின்றன. ரெனியூவல் தொகை 33,900 வந்திருந்தது. வயதும் ஏறிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. ஜி.எஸ்.டி. இடத்தில் சுழி. ஐந்து லட்சத்தைப் பத்தாக்கிவிடலாம் என்று அவளுக்கு யோசனை. கூட்டுகிற ஐந்து லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும், படிவமும் புதிதாகக் கேட்பார்கள் என்றாள். அக்கா மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்து கவரை எடுத்து வந்தாள்.

மருமகள் போனில் கேள்விகளை வாசிக்கத் தொடங்குவதற்குள் அத்தான் எழுந்து உள்ளே போனார். மாத்திரை டப்பாவோடு திரும்பி வந்து டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த அட்டையைத் தனியே எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பிரஷருக்கு, தாயி. சித்திரையில இருந்து சாப்புடுறேன். சீட்டுல தேதி இருக்கும், பாத்துப் போடு."